மின்சார வண்டியும் அதன் பேட்டரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சார வண்டியைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் பேச்சு சுற்றிச் சுற்றிப் பேட்டரியில்தான் வந்து நிற்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. வண்டியில் தயாரிக்கக் கடினமான பொருளும் அதுதான், எடை மிகுந்த பொருளும் அதுதான். அது எத்தனை ஆண்டு உழைக்கிறது என்பதை வைத்தே அந்த வண்டியால் பூமிக்கு நன்மையா இல்லையா என்று சொல்ல முடியும். கீழே வரும் கணக்குகளில் 'யூனிட்' என்றால் மின்கட்டண ரசீதில் வரும் அதே யூனிட்தான்: ஒரு கிலோவாட் வீதம் ஒரு மணி நேரம்.

பேட்டரி செய்வதிலேயே ஏராளமான கரியமிலவாயு வெளியாகிறதாமே? அப்படியானால் லாபம் எங்கே?

வெளியாவது உண்மை. ஆகவே கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியைச் செய்ய, தொழிற்சாலையையும் அது பயன்படுத்தும் மின்சாரத்தையும் பொறுத்து, ஏறத்தாழ 60 முதல் 100 கிலோ வரை கரியமிலவாயு வெளியாகிறது. நடுவாக 80 கிலோ என்று வைத்தால், 50 யூனிட் பேட்டரிக்கு 4,000 கிலோ. பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் மின்சாரக் கார் இந்தக் கடனோடுதான் ஷோரூமை விட்டு வெளியே வருகிறது.

இனி ஓட்டத்துக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. கச்சா எண்ணெய் எடுப்பது, சுத்திகரிப்பது, கொண்டுவருவது எல்லாம் சேர்த்தால் 2.8 கிலோ என்று கொள்ளலாம். 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் கார் சுமார் 17 கிலோ வெளியிடும். அதே தூரத்துக்கு மின்சாரக் கார், சார்ஜ் இழப்பையும் சேர்த்து, 16 யூனிட் எடுக்கும். நிலக்கரி மிகுந்த மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ என்றால் 11 கிலோவுக்குச் சற்று மேல். மிச்சம் 100 கிலோமீட்டருக்கு 5.6 கிலோ. கடன் தீர 70,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓட வேண்டும். யூனிட்டுக்கு 0.3 கிலோ வெளியிடும் தொகுப்பில் 33,000 கிலோமீட்டரிலேயே தீர்ந்துவிடும். காற்றாலை, சூரிய மின்சாரம், நீர்மின்சாரம் மட்டும் என்றால் 25,000 போதும்.

கடன் தீர்ந்த பிறகு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் லாபம். ஆகவே 60,000 கிலோமீட்டரில் விபத்திலோ கவனக்குறைவிலோ பேட்டரி வீணானால், நிலக்கரித் தொகுப்பில் அந்த வண்டியால் பயன் எதுவும் இல்லை. அதே பேட்டரி 2,50,000 கிலோமீட்டர் ஓடினால் எந்தத் தொகுப்பிலும் பெட்ரோல் காரைத் தெளிவாக முந்திவிடுகிறது. இந்தப் பக்கத்தில் பராமரிப்பைப் பற்றி இவ்வளவு எழுதியிருப்பது இதனால்தான்.

எவ்வளவு பெரிய பேட்டரி வாங்கலாம்?

அன்றாட ஓட்டத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் போகக்கூடியது போதும். வருடத்துக்கு இரண்டு முறை வரும் நெடும்பயணத்தை நினைத்து 80 யூனிட் பேட்டரியை வாங்கினால், மீதி நாளெல்லாம் இருநூறு கிலோவுக்கு மேல் வெறும் சுமையை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். மின்சார ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 3 யூனிட்டில் போய்விடும். கார் 15 எடுக்கும், கனமான எஸ்யூவி 20-க்கு மேல். ஒரு பெரிய காரின் பேட்டரிக்குப் போகும் லித்தியத்தில் இருபது ஸ்கூட்டர்களுக்குப் பேட்டரி செய்யலாம். பேருந்தின் பேட்டரி பெரிதுதான், ஆனால் அது நாள் முழுக்க ஓடி நூற்றுக்கணக்கானவர்களைச் சுமக்கிறது. ஸ்கூட்டரிலோ பேருந்திலோ முடிகிற பயணத்துக்குக் கார் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து, அது மின்சாரக் காராக இருந்தாலும்.

எல்எஃப்பி, என்எம்சி என்கிறார்களே, எது நல்லது?

இரண்டும் லித்தியம் பேட்டரியின் வகைகள். எல்எஃப்பி என்பது லித்தியம், இரும்பு, பாஸ்பேட். என்எம்சி என்பது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட். முதலாவதில் கோபால்டும் இல்லை, நிக்கலும் இல்லை. செல் (பேட்டரியைக் கட்டியிருக்கும் சிறு அலகு) அளவில் ஒரு கிலோ எடைக்கு 150 முதல் 190 வாட் மணி ஆற்றல் வைக்கும், 3,000 முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றி இறக்கலாம், தீப்பிடிப்பதும் கடினம். என்எம்சி ஒரு கிலோவில் 220 முதல் 280 வரை வைக்கும், குளிரிலும் அவ்வளவாகச் சோர்ந்துபோகாது. ஆனால் ஆயுள் 1,000 முதல் 2,000 சுற்று. நகர ஓட்டத்துக்கும் வெப்பமான ஊருக்கும் எல்எஃப்பிதான் எங்கள் தேர்வு. நீண்ட தூரமும் கடுங்குளிரும் என்றால் என்எம்சி.

80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்கிறார்கள். கட்டாயமா?

என்எம்சி என்றால் ஆம், அன்றாடத்துக்கு அதுவே நல்ல பழக்கம். முழுதாக ஏறிய செல்லில் மின்னழுத்தம் 4.2 வோல்ட். அந்த உச்சத்தில் செல்லுக்குள் இருக்கும் திரவம் நேர்முனையில் மெல்ல மெல்லச் சிதைகிறது. வெப்பமும் சேர்ந்தால் சிதைவு இன்னும் வேகம் எடுக்கும். 10 டிகிரி கூடினால் வேதிவினை ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. ஆகவே 100 சதவீதம் ஏற்றுவதைவிட, ஏற்றிவிட்டு வெயிலில் இரண்டு நாள் நிறுத்திவைப்பதே கெடுதல். பயணத்துக்கு முந்தைய இரவு 100 ஏற்றிக் காலையில் கிளம்பினால் குறையொன்றும் இல்லை. ஒரு மாதம் வெளியூர் போகிறீர்களா? 50 சதவீதத்தில் நிழலில் விட்டுவிட்டுப் போங்கள்.

எல்எஃப்பி வேறு மாதிரி. அதன் மின்னழுத்தம் 20 முதல் 80 சதவீதம் வரை 3.2, 3.3 வோல்ட்டிலேயே தட்டையாக நிற்கும். இதனால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வண்டியின் கணினியால் துல்லியமாகக் கணிக்க முடியாது, உச்சிக்குப் போனால்தான் தெரியும். அதனால்தான் வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றாமலே மாதக்கணக்கில் ஓட்டினால் மீட்டரில் 15 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிடக்கூடும். பேட்டரி கெட்டுப்போகவில்லை, கணக்குத்தான் தவறிவிட்டது.

வேகச் சார்ஜ் போட்டால் பேட்டரி கெடுமா? 80-க்கு மேல் ஏன் ஆமை வேகம்?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றே. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைகின்றன. அடுக்குகள் காலியாக இருக்கும்போது எளிதில் நுழையும். நிரம்ப நிரம்ப இடம் தேடி வரிசையில் காத்திருக்கும். அந்த நேரத்திலும் விடாமல் தள்ளினால் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்த லித்தியத்தில் பெரும்பகுதி திரும்ப வேலைக்கு வராது. படிவு ஊசிபோல் வளர்ந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும். இதைத் தடுக்கத்தான் வண்டி தானாகவே மின்னோட்டத்தைக் குறைக்கிறது. உறைகுளிரில் அயனிகள் மந்தமாக நகர்வதால் இதே ஆபத்து பாதி சார்ஜிலேயே வரும்.

பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் உள்ள வண்டியில், பயணத்தில் 10 முதல் 80 வரை வேகச் சார்ஜ் போடுவதற்குப் பயப்பட வேண்டாம். தினமும் அதையே நம்பி இருப்பதுதான் கூடாது. நெடும்பயணத்தில் ஒரே இடத்தில் 100 வரை காத்திருப்பதைவிட இரண்டு இடத்தில் 70 வரை போட்டால் நேரமும் மிச்சம்.

வீட்டில் சார்ஜ் போட என்ன வயரிங் வேண்டும்?

பேட்டரிக்கு வரும் கேடு கொஞ்சம்தான், வீட்டுக்கு வரும் கேடு இங்கேதான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நேரம். 40 யூனிட் பேட்டரியை 20-லிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற 24 யூனிட் வேண்டும், இழப்போடு சுவரிலிருந்து 27 யூனிட் இழுக்கும். 3.3 கிலோவாட் சார்ஜரில் எட்டு மணி நேரம், 7.2 கிலோவாட்டில் நான்கு மணிக்குள். இரவு முழுக்க வண்டி வீட்டில் நிற்கும் என்றால் 3.3 கிலோவாட்டே தாராளம்.

230 வோல்ட்டில் 7.2 கிலோவாட் என்றால் 32 ஆம்பியர் மின்னோட்டம் மணிக்கணக்கில் ஓடும். மீட்டர் பலகையிலிருந்து இதற்கென்று தனி இணைப்பு வேண்டும். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தூரம் 30 மீட்டரைத் தாண்டினாலோ வயர் வெப்பமான இடம் வழியாகப் போனாலோ 10. பிரேக்கர் 40 ஆம்பியர். கூடவே, 30 மில்லிஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச். அதில் வகை முக்கியம். வண்டியின் மின்னணுவிலிருந்து நேர்மின்னோட்டம் கசிந்தால் சாதாரண ஏசி வகை ஆர்சிசிபியின் காந்த வளையம் மரத்துப்போய், ஆள் மேல் ஷாக் அடித்தாலும் விழாது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லிஆம்பியர் நேர்மின்கசிவைக் கண்டறியும் வசதி இருந்தால் ஏ வகை போதும், இல்லையென்றால் பி வகைதான் போட வேண்டும்.

அடுத்தது இணைப்பு முனைகள். தளர்ந்த ஒரு ஸ்க்ரூவில் மின்தடை வெறும் 0.05 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 ஆம்பியரின் வர்க்கம் 1,024. அதை 0.05-ஆல் பெருக்கினால் 51 வாட். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு எட்டு மணி நேரம் தூங்கப் போவதற்குச் சமம் இது. பல இழை வயர் என்றால் நுனியில் லக் என்னும் உலோக முனையை வைத்து நசுக்கிப் பிடித்து (கிரிம்ப் செய்து), பிறகு ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி ஸ்க்ரூ தளரும். ஆகவே முதல் மாதம் முடிந்ததும் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட்டில் போடுபவர்கள், சார்ஜ் தொடங்கி அரை மணி கழித்துப் பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாவிட்டாலோ பழுப்புக் கறை தெரிந்தாலோ அந்தச் சாக்கெட்டை மாற்றும்வரை சார்ஜ் போடாதீர்கள். வண்டியின் அமைப்பில் மின்னோட்டத்தை 10 ஆம்பியருக்குக் குறைக்க முடிந்தால் குறைத்துவைப்பது நல்லது.

கடைசியாக எர்த். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் வேலை செய்ய மறுத்துச் சிவப்பு விளக்கு காட்டும். சிலர் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சார்ஜரை ஏமாற்றுகிறார்கள். இது உயிரைக் குடிக்கும் வேலை. வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் வண்டியின் உடல் முழுவதும் 230 வோல்ட் நிற்கும். நனைந்த தரையில் நின்று கதவைத் தொடும் குழந்தைதான் எர்த் ஆகும். யாராவது இப்படிச் செய்து தருவதாகச் சொன்னால் அவரை வேலைக்கு வைக்காதீர்கள்.

விளம்பரத்தில் சொன்ன தூரம் ஏன் வருவதில்லை?

சோதனை நடக்கும் விதம் அப்படி. பல நாடுகளில் வழங்கும் டபிள்யூஎல்டிபி சோதனை 23.25 கிலோமீட்டர் தூரம், 30 நிமிடம், சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் யாரும் அப்படிப் போவதில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், 80-லிருந்து 100-க்குப் போனால் அது 56 சதவீதம் அதிகம். டயரில் காற்று குறைவு, கூரைமேல் சாமான் கம்பி, குளிர்நாளில் ஹீட்டர் ஆகியவையும் சேரும். மின்கம்பிச் சுருள் ஹீட்டர் தொடக்கத்தில் 3 முதல் 5 கிலோவாட் இழுக்கும். ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் கருவி) உள்ள வண்டி அதே வெப்பத்தைப் பாதி அல்லது அதற்கும் குறைவான மின்சாரத்தில் தரும். குளிர் நாட்டில் வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

பிரேக் பிடித்தால் சார்ஜ் ஏறும் என்பது எவ்வளவு உண்மை?

1,500 கிலோ வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றல் 0.058 யூனிட். அதில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும். ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான், நகரத்து நெரிசலில் நூறு தடவை நடக்கும்போது கணிசம். மலை இறக்கத்தில்தான் இதன் முழு அழகும் தெரியும்: 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் அதே வண்டியிடம் 2 யூனிட் இருக்கிறது. ஆனால் மலைமேல் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் அந்த மின்சாரத்தை வைக்கப் பேட்டரியில் இடம் இருக்காது, மோட்டார் பிரேக் வேலை செய்யாது, முழுப் பாரமும் கால் பிரேக்கில் விழும். மலையில் இருப்பவர்கள் 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கவிளைவும் உண்டு. கால் பிரேக்குக்கு வேலை இல்லாததால் டிஸ்க்கில் துரு ஏறும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பின்கள் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை, பின்னால் யாரும் வராத சாலையில், நியூட்ரலில் வைத்து நாலைந்து முறை அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மீட்டரில் 60 சதவீதம் இருந்தது, காலையில் வண்டி உயிரே இல்லாமல் கிடக்கிறது. பேட்டரி போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் கான்டாக்டர்கள் என்னும் பெரிய சுவிட்சுகளை இயக்குவது சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கிவிட்டால் 400 வோல்ட் கையில் இருந்தும் பயனில்லை. மல்டிமீட்டரில் பாருங்கள்: ஈய அமில பேட்டரி என்றால் ஓய்வில் 12.6 இருக்க வேண்டும், 12-க்குக் கீழே போனால் காலி. வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் வண்டி எழுந்துகொள்ளும், பிறகு பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் டிசி-டிசி மாற்றி, 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும். மின்சார வண்டியிலிருந்து வேறொரு வண்டிக்கு ஜம்ப் கொடுப்பதைப் பல கையேடுகள் தடை செய்கின்றன, படித்துவிட்டுச் செய்யுங்கள்.

மழை, வெள்ளம்?

மழையில் ஓட்டலாம், மழையில் சார்ஜும் போடலாம். சார்ஜர் கன்னும் வண்டியின் சாக்கெட்டும் சரியாகப் பொருந்தி, தகவல் பரிமாறி முடித்த பிறகே மின்சாரம் வரும். பேட்டரிப் பெட்டிக்கு ஐபி67 தரம் என்றால் புதிதாக இருக்கும்போது ஒரு மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். ஐந்து ஆண்டு கழித்து, அடியில் கல் இடித்த பெட்டிக்கு அந்த உறுதி கிடையாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைச் சுவிட்ச் போட வேண்டாம், சார்ஜில் மாட்ட வேண்டாம். கட்டடத்திலிருந்து 15 மீட்டராவது தள்ளி நிறுத்தி, இன்சுலேஷன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஐநாவின் ஆர்100 விதிப்படி நேர்மின் பகுதியில் வோல்ட்டுக்கு 100 ஓம் குறைந்தபட்சம், அதாவது 400 வோல்ட் வண்டியில் 40,000 ஓம். கடல்நீர் புகுந்திருந்தால் உப்பு காய்ந்த பிறகும் மின்சாரத்தைக் கடத்தும். நாட்கள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம்.

தீப்பிடித்தால் என்ன செய்வது?

வண்டிக்கு அடியிலிருந்து சீறும் சத்தமும் வெள்ளைப் புகையும் வந்தால் அது நீராவி இல்லை, எரியக்கூடிய வாயு. ஒரு செல்லில் உள்ளே இருக்கும் தடுப்புத்தாள் 130 டிகிரி அளவில் உருகி, இரு முனையும் தொட்டுக்கொண்டு, அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குத் தாவுகிறது. எல்லாரையும் இறக்கித் தொலைவுக்குப் போங்கள், சாமானுக்காகத் திரும்பாதீர்கள். கையடக்க அணைப்பான் செல்லுக்குள் நடப்பதை நிறுத்தாது. தீயணைப்புத் துறையிடம் மின்சார வண்டி என்று முதலிலேயே சொல்லுங்கள். நிறையத் தண்ணீர் விட்டுக் குளிர்விக்க வேண்டும், அணைந்த பிறகும் மறுபடி பற்றும். சீனாவின் ஜிபி 38031 தரநிலையின் 2020 பதிப்பு, பயணிகளுக்கு ஆபத்து வருவதற்குக் குறைந்தது 5 நிமிடம் முன்பே வண்டி எச்சரிக்க வேண்டும் என்றது. எச்சரிக்கை வந்தால் அடுத்த திருப்பம்வரை ஓட்டிப் பார்க்காதீர்கள்.

ஹைட்ரஜன் வந்துவிட்டால் பேட்டரி எல்லாம் வீண்தானே?

காருக்கு நாங்கள் அப்படி நினைக்கவில்லை. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் செலவாகும். 700 பார் அழுத்தத்துக்கு ஏற்றவும் குளிர்விக்கவும் இன்னும் சில யூனிட். அந்த ஒரு கிலோவில் இருப்பது 33 யூனிட், ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிபொருள் கலத்தில் பாதி வெப்பமாகப் போய்விடும். கார் 100 கிலோமீட்டர் ஓடும். அதே மின்சாரத்தைப் பேட்டரியில் ஏற்றியிருந்தால் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். எஃகு, உரம், கப்பல் என்று ஹைட்ரஜனுக்கு அவசரமான வேலைகள் இருக்கின்றன.

பெட்ரோல் எஞ்சினும் சார்ஜ் போடும் பேட்டரியும் சேர்ந்த பிளக்-இன் ஹைப்ரிட் பற்றியும் ஒரு வார்த்தை: தினமும் சார்ஜ் போட்டால் நல்ல வண்டி, போடாவிட்டால் பேட்டரியைச் சுமக்கும் பெட்ரோல் வண்டி. ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட சாலைத் தரவில் இவற்றின் உண்மையான வெளியீடு சோதனைக்கூட அளவைப் போல 3.5 மடங்கு.

புதிதாக வரும் தொழில்நுட்பத்துக்காகக் காத்திருக்கலாமா?

400-க்குப் பதில் 800 வோல்ட் பேட்டரி அமைப்பு வந்துவிட்டது, 2019-ல் போர்ஷே டைகான் தொடங்கிவைத்தது. அதே திறனுக்கு மின்னோட்டம் பாதி, கேபிளில் வெப்பம் கால்வாசி. பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டரில், இழப்பு குறைந்த சிலிக்கான் கார்பைடு வகையும் வந்துவிட்டது. சோடியம் அயனி செல்லில் லித்தியமே தேவையில்லை, எடை சற்றுக் கூடுதல். சிறிய வண்டிக்கும் மின்சாரச் சேமிப்புக்கும் அது பொருத்தம். செல்லுக்குள் திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைக்கும் திடநிலை பேட்டரிக்காக மட்டும் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய பேட்டரி குப்பைக்குத்தானே போகிறது?

70 சதவீதத்துக்குக் குறைந்தது வண்டிக்குத்தான் போதாது. சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் பெட்டியாக இன்னும் பல ஆண்டு உழைக்கும். அதற்குப் பிறகு முற்றிலும் சார்ஜ் இறக்கி, அரைத்து, கரும்பொடியாக்கி, அமிலத்தில் கரைத்து உலோகங்களைப் பிரிப்பார்கள். உலையில் உருக்கும் பழைய முறையில் நிக்கலும் கோபால்டும் வரும், லித்தியம் கசடோடு போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி விதி, லித்தியத்தில் 50 சதவீதத்தை 2027 இறுதிக்குள்ளும் 80 சதவீதத்தை 2031 இறுதிக்குள்ளும் மீட்கச் சொல்கிறது. விலையுயர்ந்த உலோகம் இல்லாத எல்எஃப்பியை மீட்பதில் வருமானம் குறைவு. சட்டம் இல்லாவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பதே எங்கள் கவலை.

பழைய மின்சாரக் கார் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஓடிய கிலோமீட்டரைவிடப் பேட்டரியின் தற்போதைய கொள்ளளவு. ஐநாவின் 2022 உலகத் தொழில்நுட்ப விதி எண் 22 கேட்பது, 5 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டரில் 80 சதவீதம், 8 ஆண்டு அல்லது 1,60,000-ல் 70 சதவீதம். வண்டியின் கோளாறுகளைப் படித்தறியும் ஓபிடி பிளக்கில் கருவி மாட்டிச் செல் மின்னழுத்தங்களைப் பாருங்கள். ஓய்வில் மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் வித்தியாசம் 30 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி, 100-ஐத் தாண்டினால் ஏதோ ஒரு செல் நோய்ப்பட்டிருக்கிறது. எல்எஃப்பியில் இதை 100 சதவீதம் ஏற்றிய பிறகு பார்த்தால்தான் தெரியும். லிஃப்ட்டில் தூக்கி அடித்தட்டில் பள்ளம், கீறல், பிதுங்கிய சீல் உண்டா என்று விளக்கடித்துப் பாருங்கள். குளிரூட்டும் திரவம் எந்த வகை என்று கையேட்டோடு ஒப்பிடுங்கள்: குறைந்த மின்கடத்தல் திரவம் கேட்கும் வண்டியில் யாராவது சாதாரணப் பச்சைத் திரவத்தை ஊற்றியிருந்தால், கசிவு ஏற்படும் நாளில் இன்சுலேஷன் போய்விடும். கடைசியாக ஒரு ஏசி சார்ஜ், ஒரு வேகச் சார்ஜ், இரண்டையும் பணம் கொடுக்கும் முன்பே போட்டுப் பாருங்கள்.